வரப்பில் பழகிய கால்

பட்டாளத்தில் பனிமலைப் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். ஒருவன் நான், மாரிமுத்து. மற்றவன் எங்கள் ஊர்ப் பண்ணையின் மகன் வைத்திலிங்கம். அவர்கள் வயலில்தான் என் அப்பா கூலிக்கு உழுதார். வைத்தி பி.யு.சி.யில் கோட்டைவிட்டதால் அவனுக்கும் என் ராங்க்தான். ஃபெயிலானாலும் சமத்துவம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"சின்னய்யா, கயிறு இறுக்கமா இருக்குங்களா?" என்று முதல் நாள் கேட்டேன்.

"இங்க ஏதுடா ஐயா? பேரைச் சொல்லு."

வாயில் வரவில்லை. பயிற்சி முழுக்க "இந்தாங்க" என்றே ஓட்டினேன்.

சிகரத்துக்குப் போன அன்று கடைசி ஏற்றம் ஒரு முகடு. வரப்பு அகலம்தான் இருக்கும். அதன் இடது ஓரத்தில் பனி கூரைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இதைக் கார்னிஸ் என்போம். அடியில் வெறும் காற்றுதான். "இடது பக்கம் கால் வைக்கக் கூடாது" என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் காலையிலேயே சொல்லியிருந்தார். நானும் பலமாகத் தலையாட்டியிருந்தேன்.

முன்னால் போகிறவன்தான் முழங்கால் பனியை மிதித்து வழி செய்ய வேண்டும். எனக்கு மூச்சு வாங்கியது. பின்னாலிருந்த வைத்தி, "நில்லுடா, நான் முன்னாடி வரேன்" என்றான்.

எங்கள் ஊரில் வரப்பில் பண்ணை எதிரே வந்தால் எங்கள் ஆட்கள் சேற்றில் இறங்கி வழிவிடுவார்கள். அதற்குள் சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. ஊரில் கூலி கேட்டுச் செங்கொடி ஏறியிருந்தது. என் காலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. மரியாதையாக இடது பக்கம் இறங்கி நின்றேன்.

பனி உடைந்தது. நானும் அதோடு போனேன். வைத்தி யோசிக்கவே இல்லை, என் எடைக்கு ஈடாக வலது பக்கச் சரிவில் குதித்துவிட்டான். முகட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் கயிறு. பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உயிரோட இருக்கியாடா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இருக்கேன், வைத்தி."

"உன்னைப் பேர் சொல்ல வைக்க நான் மலையிலேர்ந்து குதிக்க வேண்டியிருக்கு."

ஐஸ் ஆக்ஸைக் குத்திக் குத்தி இருவரும் மேலே ஏறி வந்தோம். சிகரத்தையும் தொட்டோம். அங்கே என்ன பார்த்தேன் என்று கேட்டால் மேகம் என்றுதான் சொல்வேன்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தபோது நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் வைத்தி எதிரே வந்தான். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, பின்னால் அவன் அப்பா. என் கால் தானாக இறங்கப் போனது. வைத்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"இறங்காதடா. இன்னைக்குக் கயிறு கட்டல."

சொல்லிவிட்டு வேட்டியோடு அவனே சேற்றில் இறங்கி நின்றான். அவன் அப்பாவுக்கு இறங்க மனமில்லை; என்னை இறங்கச் சொல்ல வாயும் வரவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார்.

மலையேறப் போகும் பிள்ளைகள் ஷூ, கயிறு, ஐஸ் ஆக்ஸ் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாரைக் கண்டால் உங்கள் கால் தானாக விலகுகிறது என்பதையும் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.