துணிக்குப் பின்னால் மூன்று ஸ்பீக்கர்கள்

என் தம்பிக்குக் கடையில் வைத்த பெயர் ‘காது’. அவனுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஹோம் தியேட்டர் விற்கிற கடையில் பதின்மூன்று வருடமாக வேலை. வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் மாட்டி, வயர் இழுத்து, கடைசியில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டு ஒலியைச் சரிசெய்வான். அந்தக் கடைசி வேலைக்காகத்தான் அவனை வைத்திருந்தார்கள். வயர் இழுக்க யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

நான் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அவன் ஐந்து வயதில் அடுத்த அறையில் விளையாடிக்கொண்டே, "அக்கா, அடி நூல் தீரப் போகுது" என்பான். குனிந்து பார்த்தால் பாபினில் நாலு சுற்றுதான் மிச்சம் இருக்கும். மெஷின் சத்தம் மாறுவது அவனுக்குத் தெரியும். எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் தைப்பது கர்ட்டன். தம்பியின் கடையிலிருந்தும் வேலை வரும். தியேட்டர் அறைக்குக் கர்ட்டன், அப்புறம் ஸ்பீக்கரை மறைக்கிற மரச்சட்டத்துக்குத் துணி. துணியைத் தேர்ந்தெடுப்பது தம்பிதான். துணிக்கடையிலேயே துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பான். "மூச்சு போனா சத்தமும் போகும்" என்பான். அதற்கப்புறம் துணி என் கைக்கு வந்துவிட்டால் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டான். "அக்கா தைச்சதை நான் எதுக்குப் பார்க்கணும்?" என்று முதலாளியிடமே சொல்லியிருக்கிறான். இருபத்தாறு வருடத்தில் நான் தைத்த ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

சென்ற வருடம் பல் டாக்டர் ஒருவருடைய வீட்டு மாடியில் ஒரு தியேட்டர் போட்டார்கள். முன் சுவரில் மூன்று ஸ்பீக்கர், அதை மறைக்க ஒரு நீளச் சட்டம். வழக்கமாக இந்தச் சட்டத்துக்குக் கறுப்புத் துணிதான் போடுவோம். டாக்டர் வீட்டம்மா மணல் நிறம் கேட்டார். தம்பி ஊதிப் பார்த்துத்தான் வாங்கி வந்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கிற கட்டையும் ஆணித்தலையும் அப்படியே வெளியே தெரிந்தன. என் வேலையில் உள்கட்டை தெரிவதா? கர்ட்டனுக்கு வெயில் தாங்கப் போடுகிற கறுப்பு லைனிங் கொஞ்சம் மீதி இருந்தது. அதைப் பின்னால் வைத்துத் தைத்து ஓரம் மடித்தேன். அழகாக அமைந்துவிட்டது. தம்பி ஒலியைச் சரிசெய்து முடித்து அடுத்த வீட்டு வேலைக்குப் போன பிறகு, நானே போய்ச் சட்டத்தை மாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. படத்தில் பேசுவது தலையணைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். சத்தத்தை ஏற்றி வைத்தால் அரை மணியில் ரிசீவர் சூடாகித் தானே அணைந்துவிடுகிறதாம். ரிசீவர் என்பது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து, கூடவே அதற்கு வேண்டிய சக்தியையும் கொடுக்கிற பெட்டி. அந்தச் சக்தி போதாத இடத்தில், சக்தியை மட்டும் கொடுக்க வெளியே இன்னொரு பெட்டி வைப்பார்கள். அதுதான் பவர் ஆம்ப்.

"ஆம்ப் போட்டுடு, முடிஞ்சுது" என்றார் முதலாளி. "ஆனா ஒண்ணு. இதை வெளியிலிருந்து வரவழைக்கணும். வந்தா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. போட்டும் சரியாகலைன்னா டாக்டர் மொத்தத்தையும் கழட்டிட்டுப் போகச் சொல்வாரு. வேணுமா வேண்டாமான்னு நீ காதால கேட்டுச் சொல்லு."

அன்று மாலை தம்பி சமையலறை மேஜையில் தாளை விரித்தான். அறையின் நீளம், நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பதினோரு அடி, ஸ்பீக்கர் எவ்வளவு சக்தி குடிக்கும், ரிசீவர் எவ்வளவு தரும், எல்லாம் எழுதினான். மூன்று தடவை போட்டான். மூன்று தடவையும் ஒரே விடை.

"ஆம்ப் தேவையே இல்லைக்கா. இந்த அறைக்கு ரிசீவர் கொடுக்கிறதுல பாதி போதும்."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடு."

"நேத்துப் போய்க் கேட்டேன். நிஜமாவே மூட்டமாத்தான் இருக்கு. மறுபடி சரிபண்ணிப் பார்த்தேன், ரிசீவர் பின்னாடி வயரெல்லாம் மாத்திப் பார்த்தேன்." பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தான். "தண்ணி வரலைன்னா பெரிய மோட்டார் போடலாம். ஆனா குழாய்ல அடைப்பு இருந்தா மோட்டாரை மாத்தி என்ன பண்றது? அடைப்பு எங்கன்னு எனக்குத் தெரியலை."

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னான். நாலு மாதத்துக்கு முன் காய்ச்சலில் படுத்திருந்தான், அதிலிருந்து வலது காதில் ஓயாமல் ஒரு கீச்சு. யாரிடமும் சொல்லவில்லை.

"அடைப்பு என் காதுலதான் இருக்குன்னு நினைக்கிறேன். டாக்டர் வீட்ல சரிபண்ணினப்போ எனக்கு நல்லாக் கேட்டுது. அப்பவே காது போயிருந்தா? நான் நல்லா இருக்குன்னு விட்டுட்டு வந்தது ஊருக்கெல்லாம் மூட்டமா இருந்திருக்குமோ?"

"உளறாதடா. கீச்சு கேட்டா காது இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவன் சிரிக்கவில்லை. "சோதிச்சுப் பாருக்கா" என்றான்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். அவனைக் கண்ணை மூடி உட்காரவைத்து, ஒரு காதைப் பஞ்சால் அடைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்துகொண்டே போனேன். டிக் சத்தம் நின்றதும் கையைத் தூக்க வேண்டும். இடது காதுக்கு நாலே கால் அடி. வலது காதுக்கு ஒன்றரை அடியிலேயே கையைத் தூக்கினான். அளந்த தையல் டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றரை அடிதான்.

"எவ்வளவு?"

"பரவாயில்ல."

"அக்கா, நீ டேப்பை வச்சுக்கிட்டுப் பரவாயில்லன்னு சொல்ற ஆளே இல்லை. எவ்வளவு?"

சொன்னேன். அவன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தான். எழுந்து கை கழுவினான். சாப்பிட உட்காரவில்லை. பதின்மூன்று வருடத்தில் அவன் கற்ற வேறு தொழில் எதுவும் இல்லை. இதைத் தவிர அவனை யார் எதற்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்கும் தெரியவில்லை.

கடையில் விற்காமல் பார்வைக்கு மட்டும் வைத்திருந்த ஆம்ப் ஒன்றை ஒரு நாளுக்கு இரவல் வாங்கினான். அதைப் போட்டுப் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. என்னையும் கூட வரச் சொன்னான்.

"நீ கர்ட்டன் பார்க்க வந்த மாதிரி வா. உன் காதை நம்பித்தான் போறேன். ஆம்ப் போட்டதும் பேச்சு தெளிவாச்சுன்னா கொக்கியைச் சரிபண்ணு. அதே மாதிரி இருந்தா மடிப்பைப் பிடிச்சு இழு. நான் பார்த்துப் புரிஞ்சுக்கிறேன்."

"பரீட்சைல காப்பி அடிக்கிறவன் மாதிரி பேசுறடா."

"அதேதான். வேற வழி இல்லை."

ஆம்ப் இருபத்து மூன்று கிலோ. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, டாக்டர் வீட்டு வளைவுப் படியில் பக்கவாட்டில் ஏறினோம். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. கனத்தால் வந்த மூச்சு இல்லை அது.

ஆம்பை இணைத்து, டாக்டர் வீட்டம்மா சொன்ன படத்தையே போட்டான். சத்தம் பெருகியது. தரையே அதிர்ந்தது. அரை மணி தாண்டியும் அணையவில்லை. ஆனால் வசனம் அப்படியேதான் இருந்தது.

"சத்தம் கூடியிருக்கு" என்றார் வீட்டம்மா. "பேச்சு கூடலை."

டாக்டர் ரிமோட்டால் முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். "உன் முதலாளி ஆம்ப்தான் மருந்துன்னு சொன்னாரு. எனக்கு உன் வார்த்தை போதும்பா. நீ சொன்னா வாங்கிக்கிறேன். வேணுமா, வேண்டாமா?"

தம்பி என் பக்கம் திரும்பினான். நான் ஜன்னலோரம் கர்ட்டனைப் பிடித்தபடி நின்றேன். மடிப்பை இழுக்க வேண்டிய நேரம். அப்போது படத்தில் ஏதோ வெடித்தது. முன் சுவரில் என் மணல்நிறத் துணி வயிறு மாதிரி உப்பி அடங்கியது. இன்னொரு வெடி. மறுபடி உப்பி அடங்கியது.

காற்றை விடுகிற துணி உப்பாது. இது எனக்குத் தெரிந்த விஷயம். தம்பியின் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் துணி தெரியும். மூச்சு போகிற துணிக்குப் பின்னால் மூச்சே போகாத கறுப்பு லைனிங்கை நான்தான் வைத்துத் தைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தவன் என் சட்டத்தை மட்டும் தொடவில்லை.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு வந்து, துணியில் தூசி படிந்திருக்கிறது, துவைத்துத் தருகிறேன் என்று சட்டத்தை எடுத்துப் போய்விடலாம், லைனிங்கைப் பிரித்துவிட்டு மாட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று மனதுக்குள் ஒரு வழி பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடப் பெயரைக் காப்பாற்ற ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். என் கை கொக்கிக்கும் போகவில்லை, மடிப்புக்கும் போகவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தான். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினான்.

"சார், கணக்குப் போட்டா ஆம்ப் வேண்டாம். காதால கேட்டா ஏதோ குறையுது. ரெண்டுல எது பொய்ன்னு என்னால சொல்ல முடியலை. என் வலது காது நாலு மாசமா சரியில்லை. நான் முதல்ல சரிபண்ணினதே தப்பா இருக்கலாம். தெரியாம உங்களை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரலை. வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க."

டாக்டர் நல்ல மனிதர். "முதல்ல போய்க் காதைக் காட்டுப்பா" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கை முதலாளிக்குப் போன் போட்டுவிட்டது. அறையெல்லாம் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்துத்தான் பேசினார். தம்பி சொன்னதை அப்படியே சொன்னார்.

"அவனுக்குக் காது கேக்கலையா?" என்றார் முதலாளி.

"போனை வைங்க டாக்டர்" என்றேன். "தப்பு துணியில. நான் தைச்சதுல."

தையல் பிரிக்கிற சின்னக் கத்தி எப்போதும் என் பையில் இருக்கும். சட்டத்தை இறக்கிக் கவிழ்த்து ஓரத்தைப் பிரித்தேன். நெருக்கமாகத் தைத்திருந்தேன், சீக்கிரம் வரவில்லை. லைனிங்கை உரித்தெடுத்து, வெறும் துணியோடு சட்டத்தைத் திரும்ப மாட்டினேன். அதற்குள் தம்பி ஆம்பைக் கழற்றி, ஸ்பீக்கர்களைப் பழையபடி ரிசீவரிலேயே இணைத்திருந்தான்.

படத்தில் ஒரு கிழவர் யாரையோ திட்டினார். எதிரே நின்று திட்டுகிற மாதிரி இருந்தது.

"மூணு வாரமா தலையணைக்குள்ளதான் படம் பார்த்திருக்கோம்" என்று வீட்டம்மா டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். தம்பி ரிசீவர் மேல் உள்ளங்கையை வைத்தபடி முக்கால் மணி நேரம் நின்றான். சூடு ஏறவில்லை.

"ஆம்ப் வேண்டாம்" என்றான்.

திரும்ப ஆம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவன் கீழே, நான் மேலே. பாதிப் படியில் கேட்டான்.

"லைனிங் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கட்டை தெரிஞ்சுதுடா."

இன்னும் இரண்டு படி.

"எப்பக்கா புரிஞ்சுது உனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். பிரித்துப் பார்த்தபோதுதான் என்றால் நம்பியிருப்பான். அவன் எப்போதும் நம்பியிருக்கிறான்.

"நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி."

அவன் நின்றான். இருபத்து மூன்று கிலோவும் எங்கள் நடுவில் நின்றது.

"எவ்வளவு முன்னாடி?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மெதுவா இறங்கு" என்றான். "இங்க படி குறுகலா இருக்கு."

காது டாக்டர், வலது காதின் நரம்பு பழுதாகியிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். மிச்சமிருக்கிற காதை வைத்துக்கொண்டே என் தம்பி இன்னும் பத்து வருடம் ஒலி சரிசெய்திருப்பான். அந்த வீட்டில் அவன் செய்தது முதலிலிருந்தே சரி. அவன் கணக்கும் சரி, காதும் சரி. இதை முதலாளியிடம் நானே நேரில் போய் இரண்டு தடவை சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிம்மா. ஆனா கஸ்டமர் காதுல விழுந்திடுச்சே" என்றார். அந்த டாக்டர் யாரிடம் சொன்னாரோ, அடுத்து வந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆள் வேண்டும் என்றார்களாம். இப்போது ஒலியைச் சரிசெய்ய மடிக்கணினியோடு ஒருவர் வருகிறார். ஆம்ப் வேண்டுமா வேண்டாமா என்று அந்தக் கணினியே சொல்லிவிடுகிறது. தம்பி வயர் இழுக்கிறான், சட்டம் மாட்டுகிறான். கடையில் யாரும் அவனைக் ‘காது’ என்று கூப்பிடுவதில்லை. சொந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள். கிண்டலாகிவிடக் கூடாது என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது.

போன வாரம் ஒரு சட்டத்துக்குத் துணி தைத்து முடித்தேன். வெள்ளைத் துணி, கட்டை தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். எடுத்துப் போக வந்த தம்பி அதைச் சுவரில் சாய்த்தான், மண்டியிட்டான், துணியில் வாயை வைத்து ஊதினான். ஒரு மூலையில், நடுவில், அடுத்த மூலையில். என் வேலையை அவன் சோதிப்பதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் முடிக்கும்வரை நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"போகுதாடா?" என்றேன்.

அவனுடைய வலது பக்கமாக நின்று கேட்டுவிட்டேன். அவனுக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் வந்து மறுபடி கேட்டேன்.