ரெண்டு விரல் கேப்பும் எழுபத்திரண்டு கிலோவும்

ரோட்டுல புதுசா ஒரு பள்ளம் விழுந்தா ஊரே திட்டும். ஷாக் அப்சார்பர் மாத்துற கடைக்காரன் மட்டும் ஊரோட சேர்ந்து திட்டிக்கிட்டே உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவான். இருபது வருஷமா அப்படிச் சிரிச்சுப் பொழைக்கிறவன் நான். பேரு பாண்டி. திருப்பரங்குன்றம் ரோட்டுல கடை. கூட என் தங்கச்சி வீட்டுக்காரரு செல்வம், நமக்கு மாப்ள. கடையில வாய் என்னோடது, கை அவரோடது.

நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால உக்காந்து, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வர்ற ஆளுகளோட மாரடிக்கிறவங்களா இருந்தா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. ஒரே ஒரு செவப்புக் காரு எங்க ரெண்டு பேரையும் என்ன பாடு படுத்துச்சுன்னு சொல்றேன்.

விரல் கணக்கு

காரோட உயரத்தை எறக்கணும்னு வர்றவங்க யாரும் ஸ்கேல் வச்சுப் பேச மாட்டாங்க. எல்லாம் விரல்தான். டயருக்கும் மேல இருக்கிற மட்கார்டுக்கும் நடுவுல இருக்கிற கேப்புல எத்தனை விரல் போகுதுங்கிறதுதான் கணக்கு. நாலு விரல் போனா கம்பெனிக்காரன் குடுத்த உயரம். மூணு விரல்னா கொஞ்சம் ஷோக்கு. ரெண்டு விரல்னா ஸ்போர்ட்ஸ். விரலே போகலைன்னா அடுத்த வாரம் வண்டி திரும்ப எங்க கடைக்கே வரும். இதுல யார் விரல்ங்கிறது இன்னொரு வில்லங்கம். மாப்ள விரல் ஒண்ணொண்ணும் மொந்தன் வாழைக்காய் கணக்கா இருக்கும். அவரு ரெண்டு விரல்ங்கிறது சில பேருக்கு மூணு.

இப்படித்தான் ஒரு நாள் வக்கீல் சேதுராமன் சார் வந்தாரு. ஆனையூர்ல வீடு, தல்லாகுளம் பக்கம் ஆபீசு, வயசு அம்பதைத் தாண்டிருச்சு. வந்தது ரெண்டே சீட்டு வச்ச செவப்பு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரு. முப்பது வருஷத்துப் பழசு, குன்னூர் எஸ்டேட்காரர் ஒருத்தருகிட்ட வாங்கி, அஞ்சு வருஷமா ஒவ்வொரு சாமானாத் தேடிப் பூட்டியிருக்காரு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆனா வீட்டம்மா அதுல ஏற மாட்டேங்குறாங்க. அவங்க கணக்கு டீச்சர், இடுப்புல டிஸ்க் தொந்தரவு. ஒரே ஒரு தடவை ஏறிப் போய்ட்டு, பாதி வழியில எறங்கி ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டாங்களாம். இப்ப கெடு வச்சிருக்காங்க. ஆனையூர்ல இருந்து திருப்பரங்குன்றம் கோயிலுக்கு இடுப்பைப் பிடிக்காமப் போய்ட்டு வந்தா வண்டி இருக்கலாம். இல்லைன்னா வித்துரணும். இம்புட்டையும் சொல்லி முடிச்சுட்டு, டயருக்கு மேல ரெண்டு விரலை வச்சுக் காட்டினாரு வக்கீல் சார்.

"பாண்டி, வெளிய நின்னு பாக்குறவனுக்கு ரெண்டு விரல்தான் தெரியணும். உள்ள உக்காந்திருக்கிறவளுக்கு மெத்தை மாதிரி இருக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்."

அறுத்த ஸ்பிரிங்

வண்டியை ஜாக்கியில தூக்கினோம். சக்கரம் தொங்கின மறு நிமிசம், உள்ள இருந்த ஸ்பிரிங் 'டங்'குனு கழண்டு மாப்ள காலடியில விழுந்துச்சு. பாத்தா, எவனோ ஒரு புண்ணியவான் பழைய ஸ்பிரிங்கையே கேஸ் கட்டர் வச்சு ஒண்ணரைச் சுத்து அறுத்து விட்டிருக்கான். எறக்குறதுன்னா அதான்னு நெனைச்சுக்கிட்டான் போல. அறுத்தா உயரம் கொறையும், நெசந்தான். ஆனா ஸ்பிரிங் அமுங்க எடம் இருக்காது. ஒவ்வொரு குழியிலயும் கடைசியா தாங்குற ரப்பர் கட்டையில போயி முட்டும். அந்த முட்டு நேரா சீட்டுக்கு வரும், சீட்டுல இருந்து இடுப்புக்கு வரும். ஷாக்கு நாலுலயும் எண்ணெய் ஒழுகி எந்தக் காலமோ ஆச்சு.

எனக்கு வந்த கோவத்துக்கு அறுத்தவனை நாலு வார்த்தை கேட்டேன், இங்க எழுத முடியாது. மாப்ள அந்த ஸ்பிரிங்கைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நிதானமாச் சொன்னாரு: "டீச்சர் ஆட்டோவுல போனது தப்பே இல்ல மச்சான். நானா இருந்தா நடந்தே போயிருப்பேன்."

குரூப்புல சொன்னாங்க

சாலைக்குன்னே செஞ்ச, லேசாக் குட்டையான ஸ்பிரிங், அதுக்குத் தோதான ஷாக்கு, ரெண்டையும் சோடியா வாங்குவோம்னு சொன்னேன். ஸ்பிரிங்கை மட்டும் மாத்திட்டு பழைய ஷாக்கை விடுறது, புதுத் துணியை எடுத்துப் பழைய அளவுச் சட்டைக்குத் தைக்கிற வேலை. வக்கீல் சார் எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. அடுத்த வாரம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோட வந்து எறங்கினாரு. வாட்ஸ்அப்புல பழைய கார் பிரியருங்க குரூப்பு ஒண்ணு இருக்காம். அதுல ஒருத்தர் சொல்லி, ரேசுக்குப் போடுற செட்டையே வரவழைச்சுட்டாரு. "சார், இது ரேஸ் டிராக்குல ஓட்ட. நம்ம ஊரு ரோட்டுல ஓட்ட இல்ல"ன்னேன். "குரூப்புல எல்லாரும் சொல்றாங்க பாண்டி"ங்கிறாரு. இந்தக் குரூப்புக்காரங்கள்ல ஒருத்தராவது ஜாக்கியைக் கையில தொட்டிருப்பாங்களா, சொல்லுங்க பாப்போம்.

சரி, பட்டுத்தான் தெரியணும்னா படட்டும்னு பூட்டி விட்டோம். அதுல ஒரு திருகு இருக்கு. ஒரு கிளிக் திருகினா கொஞ்சம் கெட்டியாகும். வக்கீல் சார் கடைசி கிளிக் வரைக்கும் திருகிட்டு, கையை ஆட்டிட்டு, ராஜா மாதிரி கிளம்பிப் போனாரு. கால் மணி நேரத்துல திரும்பி வந்தாரு. கண்ணாடி ஒரு காதுல தொங்குது. எறங்கல, என்ஜினை அணைக்கல, ரோட்டையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் மெதுவா வாயைத் தொறந்தாரு.

"பாண்டி, ரோட்டுல பத்து பைசா கெடந்தா, அது தலையா பூவான்னு சொல்லிருவேன்."

எழுபத்திரண்டு

ரேஸ் செட்டு பெட்டிக்குள்ள திரும்பப் போச்சு. நான் மொதல்ல சொன்ன சோடி வந்துச்சு. திருகி உயரத்தை ஏத்தி எறக்கிக்கலாம், கிளிக்கைக் கொறைச்சு மெத்துன்னும் வச்சுக்கலாம். இந்த மாதிரி சின்ன வண்டிக்கு உயரம் வைக்கும்போது சீட்டுல ஆள் எடை இருக்கணும். ஆளை அரை நாள் உக்கார வைக்க முடியுமா? அதனால பக்கத்து அரிசிக்கடையில மூட்டை எரவல் வாங்கி சீட்டுல வச்சுக்குவோம். டீச்சர் எடையைக் கேக்க எனக்குக் கூச்சம். போன் போட்டா அவங்க பட்டுனு சொல்லிட்டாங்க: அறுபத்தெட்டு, இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்னு. ரெண்டு இருபத்தாறு கிலோ மூட்டை, ஒரு பத்து, ஒரு அஞ்சு, மிச்சம் ஒரு கிலோவுக்கு ஸ்பானர்.

வக்கீல் சாரைக் கேட்டேன். கண்ணைக்கூடச் சிமிட்டாம எழுபத்திரண்டுன்னாரு. அவரு சட்டை வயித்துப் பட்டன் வேற ஏதோ சொல்லுச்சு. ஆனா படிச்ச மனுசன், கோர்ட்டுல பொய்ச் சாட்சியைக் கிழிகிழின்னு கிழிக்கிறவரு, அவரைப் போயி எப்படி சந்தேகப்படுறது? விரல் கேப்பை நாலு தடவை அளக்குற நாங்க ஆளை ஒரு தடவைகூட நிறுத்துப் பாக்கல. தப்பு எங்க மேலயும்தான். ரெண்டு விரல் கேப்பு வச்சு, சுத்தமா முடிச்சு, மூட்டையை எறக்கினோம். எறக்கும்போது டிரைவர் சீட்டையும் வக்கீல் சாரையும் மாறி மாறிப் பாத்துட்டு மாப்ள என் காதுல முணுமுணுத்தாரு.

"மச்சான், அரிசி மூட்டை மேல எடை அச்சடிச்சிருக்கு. சார் மேல அச்சடிக்கலையே."

தராசு

ஞாயித்துக்கெழமை காலையில கோயிலுக்குக் கிளம்பினாங்க. எப்படிப் போகுதுன்னு பாக்க நாங்களும் கடைக்கு வந்து நின்னோம். போற வழியில எங்க கடை வாசல்ல வண்டி நின்னுச்சு. டீச்சர் எறங்கினாங்க. கை இடுப்புல இருந்துச்சு.  ஒவ்வொரு வேகத்தடையிலயும் வலது பக்கம் மட்டும் 'தொம்மு தொம்மு'ன்னு முட்டுதுன்னாங்க. வக்கீல் சார் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி எறங்காம உக்காந்திருந்தாரு. மொகத்துல ஈயாடல. இம்புட்டு அழகு வண்டியை வித்துருவாங்களேன்னு எனக்கே மனசு கேக்கல.

டீச்சர் வண்டிக்கு முன்னால வந்து நின்னு பாத்தாங்க. "என்னங்க, கொஞ்சம் எறங்குங்க"ன்னாங்க. அவரு எறங்கினதும் வண்டி நிமுந்துச்சு. "இப்ப ஏறுங்க." ஏறினாரு, வலது பக்கம் அரை விரலுக்குப் படுத்துருச்சு. டீச்சர் என்கிட்டத் திரும்பி, "தம்பி, இவருக்கு எம்புட்டு வச்சீங்க?"ன்னு கேட்டாங்க. எழுபத்திரண்டுன்னேன். அவங்க நேரா அரிசிக்கடைத் தராசைக் கை காட்டினாங்க. வக்கீல் சார் அசையல. அந்தத் தராசுக்கு முத்திரை போட்ட தேதி தெரியணும்னாரு. செருப்பு ஒரு கிலோன்னாரு. டீச்சர் அமைதியாச் சொன்னாங்க: "ஏறுங்க, இல்லைன்னா வண்டியை வித்துருங்க." காரை ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு மனுசன். செருப்பைக் கழட்டிட்டு ஏறிட்டாரு. நூத்தி ஒண்ணு.

அப்பத்தான் விசயம் வெளிய வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால டாக்டர் எடையைக் கொறைக்கச் சொல்லி, இவரு தெனம் காலையில அஞ்சரைக்கு நடக்கப் போறாரு. நடந்ததும் நெசந்தான், தெருக் கோடியில கார் நிக்கிற ஷெட்டு வரைக்கும். அங்க இருந்து காருல அழகர்கோயில் ரோடு, ஒரு பொங்கல், ரெண்டு வடை. மாசா மாசம் வீட்டுல ஒரு கிலோ கொறைஞ்சதாத் தகவல். டீச்சருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "உங்களுக்கு ஏதாச்சும் ஆனா நான் என்னங்க செய்வேன்? அதைப் பத்தி ஒரு நிமிசம் நெனைச்சீங்களா?"ன்னாங்க. தராசு மேல நின்னபடியே அவரு, "தனியா ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சு செல்வி. நீ பக்கத்துல வந்தா அந்த வடைகூட வேணாம்"னாரு. அரிசிக்கடைக்காரர் மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. டீச்சர் முந்தானையால கண்ணைத் தொடைச்சுட்டு என்னைப் பாத்தாங்க.

"இவரும் வண்டியும் இங்கயே இருக்கட்டும், சாயந்திரம் நான் வாரேன் தம்பி. இந்தத் தடவை நூத்தி ஒண்ணுக்கு வைங்க."

மூணாவது விரல்

கடைக்கு லீவு நாள், இருந்தும் வேலை பாத்தோம். வலது பக்கத்தைத் திருகி ஏத்தினோம், ரப்பர் கட்டைக்கு மேல நல்லா எடம் விட்டோம், கிளிக்கைப் பாதிக்குக் கீழ கொண்டாந்தோம். இந்தத் தடவை மூட்டை இல்ல, வக்கீல் சாரே ஒரு மணி நேரம் சீட்டுல உக்காந்திருந்தாரு. முடிச்சதும் அவரே எறங்கி வந்து, நான் கேக்காமலே, ரெண்டு விரலுக்குப் பக்கத்துல மூணாவது விரலையும் நீட்டிச் சொருகிப் பாத்தாரு. நாலு மணிக்கு டீச்சர் ஆட்டோவுல வந்து எறங்க, ரெண்டு பேரும் மொதல்ல ஆனையூருக்குப் போயி அங்கிருந்து கோயிலுக்குக் கிளம்பினாங்க. கெடுன்னா கெடுதான், பாதி வழியில இருந்து ஆரம்பிச்சா செல்லாதாம்.

நாங்க வாசல்லயே நின்னோம். மாப்ள ரெண்டு டீ குடிச்சாரு, நான் குடிக்கல. ஏழு மணிக்குச் செவப்பு வண்டி திரும்பி வந்துச்சு. வலது பக்கக் கதவு தொறந்துச்சு. எறங்கினது டீச்சர், நெத்தியில விபூதி, ஒரு கையில சாவி, இன்னொரு கையில பிரசாதம். இடுப்புல கை இல்ல. அவங்களுக்குக் கார் ஓட்டத் தெரியும்னே எனக்கு அப்பத்தான் தெரியும். இடது சீட்டுல இருந்த வக்கீல் சார் மொகத்துல சிரிப்பும் இருந்துச்சு, திகிலும் இருந்துச்சு. பிரசாதத்தை என் கையில குடுத்துட்டு டீச்சர் தீர்ப்பைச் சொன்னாங்க.

"வண்டி இருக்கட்டும் தம்பி, ரொம்ப நல்லாருக்கு. ஆனா டிரைவர் சீட்டை அறுபத்தெட்டுக்கு மாத்திருங்க. நாளையில இருந்து காலையில அஞ்சரைக்கு இவரு முன்னால நடப்பாரு, நான் பின்னாலயே ஓட்டிட்டு வருவேன்."

அன்னையில இருந்து எங்க கடையில எம்புட்டுப் பெரிய மனுசன் வந்தாலும், வண்டியை ஜாக்கியில ஏத்துறதுக்கு முன்னால ஓனரைத் தராசுல ஏத்திருறோம்.