எடைமேடைக் கணினியில் ஒன்று ஐம்பத்தாறு

“எடைமேடைக் கணினியில் அனுமதியின்றி மாற்றம் செய்தது ஏன் என்பதை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.” 2006 ஜூலையில் ஒரு புதன்கிழமை, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் கணினிப் பராமரிப்பு வேலை பார்த்த கம்பி ஆலையில் எனக்குக் கொடுத்த மெமோ இது. நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தகுதிகாண் பருவம் முடியப் பன்னிரண்டு நாள் பாக்கி. மெமோ கோப்பில் ஏறினால் வேலை நிரந்தரமாகாது.

முந்தைய நாள் மதியம் இரண்டரைக்கு எடைமேடை அறையிலிருந்து கூப்பிட்டார்கள். மேடையில் லாரி நின்றது. தராசுப் பெட்டியில் எடை தெரிந்தது. கணினித் திரையில் மட்டும் பூஜ்யம். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“போன வாரம் பிரிண்டர் மாட்றேன்னு வந்து சாரு இன்னாத்தையோ நோண்டிட்டுப் போனாரு. இப்ப பாரு, கேட்டாண்ட வண்டி ரோடு வரிக்கும் நிக்குது.”

“பிரிண்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க.”

ஜன்னலில் ஓர் ஆந்திரா டிரைவர் தலையை நீட்டினார். “நைனா, துன்னுட்டு வரட்டா, இல்ல சமைச்சித் துன்னுட்டு வரட்டா?” அறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

எடையைப் பதியும் நிரல், ஜாவா என்ற மென்பொருளின் 1.4 பதிப்பை நம்பி ஓடியது. தராசிலிருந்து வரும் எடையைப் படிக்கும் கோப்புகளை அந்தப் பதிப்பின் ஃபோல்டருக்குள் வைத்து, விண்டோஸுக்கு அதன் பாதையையும் எழுதிக் கொடுத்திருந்தவன் நான்தான். பாதை எழுதியபடியே இருந்தது. ஆனால் கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் பதிப்பு எண்ணைக் கேட்டால் 1.5 என்று பதில் வந்தது. யாரோ புதிய ஜாவாவை இறக்கியிருக்கிறார்கள். அது விண்டோஸின் சொந்த ஃபோல்டருக்குள்ளும் தன் பிரதி ஒன்றைப் போட்டுவைத்திருந்தது. விண்டோஸ் முதலில் தேடும் இடம் அதுதான். நான் எழுதிய பாதை வரைக்கும் விண்டோஸ் வரவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிரலைத் தொடங்கும் கோப்பில் 1.4 இருக்கும் இடத்தை முழுசாக எழுதினேன். எடை வந்தது. மறுநாள் காலை மெமோவும் வந்தது.

ஷிப்ட் மாறும்போது மேசையில் ஒரு சீட்டுகூட நிலுவையில் இருக்கக் கூடாது என்பது ஆலை விதி. எடைமேடைக்காரர்கள் அதைத் திரைக்கும் நீட்டியிருந்தார்கள். மூலையில் எந்த அறிவிப்பு நின்றாலும் ‘சரி’ அழுத்தி அகற்றிவிட்டுத்தான் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். புதிய ஜாவா தயார் என்ற அறிவிப்பும் அப்படித்தான் அழுத்தப்பட்டிருந்தது. புதிய பிரதி உருவான நேரம் பிற்பகல் 1.56. முதல் ஷிப்ட் முடிவது இரண்டு மணிக்கு. அந்த நேரம் தெரியும் திரையை அச்செடுத்து என் விளக்கத்தோடு இணைத்தேன்.

சூப்பர்வைசருக்கு அது பிடித்துப்போயிற்று. இரண்டாம் ஷிப்ட் கிளார்க் அவருடைய மைத்துனர். முதல் ஷிப்ட் கிளார்க்கோ கவரைப்பேட்டையிலிருந்து வரும் ஒப்பந்தக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரைக் கூப்பிட்டார்.

“யோவ், ஒன்னு அம்பத்தாறுக்கு இன்னாத்த அமுக்கின?”

“நான் ஒன்னும் அமுக்கல சார். நான் எந்திரிச்சப்ப அது நின்னுக்கினுதான் இருந்திச்சி. ரெண்டாவது ஷிப்ட்டு கிளார்க்குதான் ஒக்காந்து அமுக்கினாரு.”

“அப்ப கம்ப்யூட்டரு பொய் சொல்லுதா?”

கிளார்க் என்னைக் கையால் காட்டினார். “இவரு பாத்துக்கிற மிசினு. இவர கேளு.”

“நேரம் அதுல தெளிவா இருக்கு” என்றேன்.

மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். என் வேலை நிரந்தரமாயிற்று. முதல் ஷிப்ட் கிளார்க்கைக் கம்பி ஏற்றும் யார்டுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒருமுறை கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு நேரே வந்தார்.

“சார், டைம் இன்னா ஆவுது?”

சொன்னேன்.

“கரெக்டா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்.

செப்டம்பரில் அந்தக் கணினியின் கடிகாரம் ஐந்தாறு நிமிடங்கள் பின்தங்கி ஓடுவதைக் கவனித்து உள்பேட்டரியை மாற்றினேன். அந்தத் தேதியை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஜூலையின் அந்தச் செவ்வாயன்று கடிகாரம் சரியாக ஓடியதா என்பதற்கு என்னிடம் எந்தக் குறிப்பும் இல்லை. ஷிப்ட் மாற ஊதும் ஆலைச் சங்கோடு அதை நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. 1.56 என்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.