சத்தம் நின்ற கூடம்

டிபன் கேரியரோடு எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கு வந்த சாந்தகுமாரி காதைத் தீட்டிக்கொண்டாள். கட்டடம் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது!

மகளின் பிரசவத்துக்காகக் கரூர் போயிருந்தவள் அன்று காலைதான் டெல்லி திரும்பியிருந்தாள். நஜஃப்கர் பக்கத்து அந்தச் சின்ன ஊரில், உள்ளே ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி எந்நேரமும் சடசடக்கும் செங்கல் கட்டடம்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். யார் எண்ணைச் சுழற்றினாலும் உள்ளே இரும்புச் சட்டங்களில் ஏதோ ஏறும், இறங்கும், தட்டும்.

அவள் கணவர் குழந்தைசாமியின் வாழ்க்கை அந்தச் சத்தத்துக்குள்தான் ஓடியது. கல்யாணத்துக்கு முன் வேலைக்கு வந்தபோது சிவப்புத் தரை போட்ட ஒரு சின்னக் கூடம்தான். மிஷினில் புழுதி படியக் கூடாதென்று ஜன்னலே வைக்காத தடித்த சுவர், இரட்டைக் கதவு. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். ஊரில் போன் பெருகப் பெருகச் சுவரை இடித்துக் கூடத்தை நீட்டினார்கள். சிவப்புத் தரையோடு சாம்பல் தரை சேர்ந்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம். அதற்கப்பால் பச்சைத் தரை போட்ட வருஷம் மகள் பிறந்தாள்.

கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் முகத்துக்கு நேரே நின்று கத்துவார்கள், இல்லையென்றால் கைஜாடை. வீட்டிலும் அவர் கத்தித்தான் பேசுவார், டிவி அலறும். "எக்ஸ்சேஞ்ச் பழக்கம், போகவே போகாது" என்று சிரித்துக்கொள்வாள் சாந்தா.

போன வாரம் கரூருக்கு எஸ்.டி.டி. போன் போட்டார். "புது மிஷின் வந்தாச்சு சாந்தா! என்னைக் கம்ப்ளெயின்ட் போன்ல உக்கார வெச்சிருக்காங்க. இதுவும் சரிப்படலைன்னா எங்கயாச்சும் தூக்கி அடிச்சிருவாங்க!" அவள் பதிலைக் கேட்காமலே வைத்துவிட்டார்.

வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினாள். காவலாளி கையாட்டினான். "ரஹனே தோ, பாபிஜி. செருப்பு இருக்கட்டும், அந்த மிஷினே போச்சு!"

உள்ளே போனவள் அப்படியே நின்றாள். இரண்டு ஆள் உயர இரும்பெல்லாம் எங்கே? மூன்று நிறத் தரையும் வெறுமையாகக் கிடந்தது. மூலையில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் பீரோ மாதிரி இரண்டு பெட்டிகள். அவ்வளவுதான் எக்ஸ்சேஞ்ச்!

சிவப்புத் தரையில் மேஜை போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் குழந்தைசாமி.

"ஏனுங்க" என்றாள். திரும்பவில்லை.

"ஏனுங்க!" அவள் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவர் மட்டும் திரும்பவில்லை.

மேஜையில் இருந்த கறுப்புப் போன் அலறியது. அவர் கை அசையவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஓடிப்போய் எதிரே நின்றாள். அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா சாந்தா! பேரன் எப்படி இருக்கான்? இங்க பாரு, என்ன நிம்மதி! அந்த மிஷின் போனதும் என்ன அமைதி! காலையிலிருந்து ஒரு போன்கூட வரல!"

ஐயோ! இத்தனை வருஷம் சிரித்தாளே! பழக்கம் என்றாளே! காது போனது அவருக்கே தெரியவில்லையே!

போன் மறுபடி அடித்தது. சாந்தா அவர் கையைப் பிடித்து இழுத்து, அடித்துக்கொண்டிருந்த போன்மேல் வைத்தாள்.

உள்ளங்கை அதிர்ந்தது. சிரிப்பு அப்படியே உறைந்துபோக, அவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்ப இருந்து சாந்தா?"

அந்தக் கூடம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு மனிதர் அங்கே மெல்லப் பேசினார்.