நடுவராக வந்த அத்தை

அப்பாவின் தங்கை அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதி. மதுரையில் வளர்ந்து, படிக்கப் போன நாட்டில் சட்டம் பயின்று, வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடும் வழக்கறிஞராகப் பல வருடம் கோர்ட் ஏறியவர். அதிபர் நியமித்து, செனட் கேள்விமேல் கேள்வி கேட்டு ஒப்புக்கொண்ட பதவி. ஆயுள் வரைக்கும் லேசில் யாரும் எடுக்க முடியாது. அபுதாபி பக்கம் ருவைஸில் வேலை பார்த்துக்கொண்டு, விசா புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்த அப்பாவுக்கு, இந்தக் கடைசி விஷயம்தான் பெரிய அதிசயம்.

எனக்குப் பத்து வயதில் அத்தை ஒரு வாரம் எங்களோடு தங்க வந்தார். அந்த வாரக் கடைசியில் தமிழ்க் குடும்பங்களின் பொங்கல் விழா. குழந்தைகளின் பேச்சுப் போட்டிக்கு அத்தையே நடுவர் என்று விழாக் குழு முடிவு செய்துவிட்டது. போட்டியில் நானும் இருந்தேன். என் அத்தைதான் ஜட்ஜ் என்று ஸ்கூல் பஸ்ஸில் ஒருவர் விடாமல் சொல்லியும் வைத்தேன்.

விழாவன்று மதியம் சாப்பிடும்போது, பக்கத்து பிளாக் தோழி போட்டியிலிருந்து விலகிவிட்டதைக் குஷியாக அறிவித்தேன். அவள் என்னைவிட நன்றாகப் பேசுவாள்.

“ஏன் விலகினாளாம்?” என்றார் அத்தை.

“‘உன் அத்தைதானே ஜட்ஜ், நான் எதுக்கு’ன்னு சொல்லிட்டா.”

அத்தை பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். விழாக் குழுத் தலைவருக்கு போன் போட்டு, தான் நடுவராக இருக்க முடியாது என்றார். தலைவர் கெஞ்சியது எங்களுக்கே கேட்டது.

“மேடம், நீங்க நேர்மையானவங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே!”

“எனக்கும் தெரியும் சார். தோத்துப்போற பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியணுமே.”

அதோடு விடவில்லை. வெயிலில் தோழி வீட்டுக்கே நடந்துபோய், “நான் ஜட்ஜ் இல்லம்மா, நீ வந்து பேசு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மாலையில் வேறொருவர் நடுவராக இருக்க, அவள் பேசினாள். முதல் பரிசு அவளுக்கு, இரண்டாவது எனக்கு. கடைசி வரிசையில் இருந்த அத்தை இருவருக்கும் ஒரே மாதிரி கைதட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் கிளம்பும் வரை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏர்போர்ட்டில், “இன்னும் கோபமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவு பெரிய நீதிபதி, எனக்கு வேண்டிய ஒரே நாளில் தன் வேலையைச் செய்ய மறுத்துவிட்டாரே என்றுதான் வெகுகாலம் மனத்தாங்கலோடு இருந்தேன். அன்று முழுக்க அவர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது பத்து வயதுக்கு எட்டவில்லை.