மூன்று பெஞ்சு

ஆமத்தூரிலிருந்து இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு நடந்தே வருவதாகப் பாலம்மாள் நேர்ந்திருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து தெறித்து நான்கு மாதம் கட்டுப் போட்டிருந்த மகள் முத்துச்செல்விக்கு இடது கண்ணில் பார்வை திரும்பியிருந்தது. வழியில் வண்டி ஏறினால் நேர்த்தி முறிந்துபோகும்.

ஆடி வெள்ளி. ஊர்க்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். பாலம்மாளுக்கு வலது முழங்கால் மடங்காது. புருஷன் மாரீஸ்வரன் மட்டும் அவள் வேகத்துக்கு நடந்தார்.

பதினோரு மணிக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. ஓட்டியவர் தெரிந்தவர். சாத்தூர் தாண்டி இறங்கி நடந்தால் ஆத்தாளுக்குத் தெரியவா போகிறது என்றார். அவள் தலையசைத்து அனுப்பிவிட்டாள். வண்டி மறைந்த பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் மாரீஸ்வரன் குவாரி வழியைச் சொன்னார். அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அதை மூடி ஒன்பது வருடம் ஆகிறது. ரோடு அதைச் சுற்றிப் போகிறது. குறுக்கே போனால் நாலு கிலோமீட்டர் மிச்சம்.

"மூணே மூணு பெஞ்சுதான். தாண்டுனா லாரிப் பாதை."

கருவேல முள்ளுக்குள் அவள் அந்தப் பெஞ்சுகளை நினைத்துக்கொண்டே நடந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். இரண்டாவதில் காலை நீட்டிக்கொள்ளலாம்.

விளிம்புக்கு வந்ததும், பெஞ்சு எங்கே என்று கேட்டாள். மாரீஸ்வரன் கீழே கை காட்டினார். பாறையை மூன்று படிகளாக வெட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

"இதையா பெஞ்சுன்னீக?"

"இதுக்குப் பேரே அதுதான்."

"அம்புட்டு வருசமும் பெஞ்சுல வேலைன்னு சொன்னீகளே. உக்காந்து பாக்குற உத்தியோகம்னுல்ல எங்கம்மாட்டச் சொல்லி வச்சிருந்தேன்."

திரும்பிப் போகவும் அவள் காலில் வலுவில்லை. மாரீஸ்வரன் முதலில் இறங்கினார். சுற்றுப்பாதையில் போகச் சோம்பல்பட்ட வேலையாட்கள் அந்தக் காலத்தில் உளியால் கொத்தி வைத்த கால்குழிகள் பாறையில் இருந்தன. மண் மூடிப்போயிருந்தது. விரலால் தோண்டித் துடைத்தார். பாலம்மாள் பாறையைப் பார்த்துத் திரும்பி, பின்புறமாக இறங்கினாள். அவர் அவளுடைய குதிகாலைப் பிடித்தார்.

"காலைத் தொடாதீக. நேர்த்திக்கு நடக்கேன்."

"பிடிக்கலன்னா எங்கன வைப்பே? கீள. இன்னும் கீள. அந்தா."

மடங்காத காலின் கனத்தை அவர் தன் தோளில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு படியிலும் அவள் உட்கார்ந்தாள். கடைசிப் படியில் வைத்து, வேலை பார்த்த நாளில் சோறு எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். ஒரு பாறை நீட்டலைக் காட்டினார். அதன் அடியில் ஒருவர் குனிந்துதான் உட்கார முடியும். சித்திரையிலுமா என்றாள். சித்திரையிலும் என்றார். பாலம்மாள் உள்ளங்கையைக் கல்லில் வைத்துப் பார்த்தாள். மேகம் மூடியிருந்தும் கல் சுட்டது.

அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீரை ஒட்டி நடந்து, லாரிப் பாதையில் ஏறினார்கள். பாதை மெல்லத்தான் மேலேறியது. ஆனாலும் பத்தடிக்கு ஒருமுறை நின்றாள்.

இருக்கன்குடி ஆற்றில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. முந்தானையில் முடிந்துவைத்திருந்த வெள்ளிக் கண்மலரைச் சன்னதியில் செலுத்தினாள். வெளியே வந்ததும் முத்துச்செல்வியிடமிருந்து போன் வந்தது. அந்தக் காலோடு எப்படி நடந்தாய், உண்மையைச் சொல், எதில் ஏறினாய் என்றாள்.

"ஒண்ணுலயும் ஏறலடி" என்றாள் பாலம்மாள். தன் செருப்பில்லாத பாதங்களைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். "வளியில மூணு பெஞ்சு கெடந்துச்சு. உக்காந்து உக்காந்து வந்தோம்."