பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளும் மார்கரெட் வீட்டு டீயும்

இங்கே இங்கிலாந்தில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து நன்றிக்கு ஒரு "சியர்ஸ்" சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் குதித்து இறங்கிப் பழகியவள் நான். நானும் சியர்ஸ் சொல்லலாம்தான். ஆனால் இத்தனூண்டு வார்த்தைக்கா அவ்வளவு பாடுபட்டோம் என்று ஒரு வீம்பு.

பாடு என்றால் சும்மா இல்லை. சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. கடலூரிலிருந்து ரயிலில் போவேன். "பிக்" என்றால் சார் முகம் சுளிப்பார். "கொலோசல்" என்றால் வகுப்பே கை தட்டும். பெரிய வார்த்தைக்குத்தான் மரியாதை ஜாஸ்தி என்று மண்டையில் ஏறிவிட்டது. இங்கு வந்தும் விடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே போனில் தினம் ஒரு புது வார்த்தை கேட்டு மனப்பாடம் செய்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு மார்கரெட்டின் கணவர் இறந்துபோனார். இந்தத் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே மனுஷி மார்கரெட்தான். அவருக்குச் சின்ன வார்த்தையில் ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், "ப்ரொஃபவுண்ட் கண்டோலன்சஸ்", "இர்ரெபரபிள் லாஸ்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"கவர்ன்மென்ட் லெட்டர் மாதிரி இருக்கே" என்று அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்துவிட்டு, டீ போட உள்ளே போனார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. துக்க வீட்டில் போய்ட்டு வரேன் என்று சொல்லக் கூடாதே, சத்தமில்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போது மார்கரெட் கேட்டார்: "ரெண்டு கப்போட வந்து பார்த்தா நாற்காலி காலியா இருக்கு. நான் தப்பா ஏதும் சொல்லிட்டேனா?"

புருஷனைப் பறிகொடுத்தவர் என்னிடம் இப்படிக் கேட்கிறார்! பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நம் ஊர் வழக்கத்தை விளக்க வாயெடுத்தேன். மனப்பாடம் செய்த அத்தனையில் ஒன்றுகூட வரவில்லை. இருக்கிற ஒரே சிநேகிதத்தையும் கெடுத்துக்கொண்டேனே என்று நாளெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

சாயங்காலம் திரும்பப் போனேன். பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கணவரைப் பற்றிப் பேசப் பேச, டீ முழுவதையும் குடித்தேன். வாசலில் நின்று, ஊர் வழக்கத்தை மீறி, "பை, மார்கரெட்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னால், "அடிப்பாவி! சாவு வூட்ல சொல்லிக்கினா வந்த? மொதல்ல போய் தலைக்கு ஊத்திக்க" என்று கத்தினாள். மறுபேச்சில்லாமல் போய் ஊற்றிக்கொண்டேன்.

ஈரத்தலையோடு கதவைத் திறந்தால் மார்கரெட் நிற்கிறார், கையில் நான் அங்கே மறந்துவிட்டு வந்த சால்வை.

"இந்தக் குளிர்லயா தலை குளிச்ச? ஏன்?"

உங்கள் வீட்டுத் தீட்டைக் கழுவினேன் என்று எந்த வாயால் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. "சும்மாதான்" என்று இளித்தேன்.

"சளி பிடிக்கப்போகுது" என்று சால்வையை என் ஈரத்தலைமேல் போர்த்திவிட்டு, மார்கரெட் படியிறங்கிப் போனார். துக்க வீட்டிலிருந்து வந்த துணி, குளித்த தலையில். மறுபடி குளிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.